பொள்ளாச்சியில் கைடு வாங்கும் முன்

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்பில் சேர எழுதும் க்யூட் நுழைவுத் தேர்வுக்கு, கைடு எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பதற்றம் வேண்டாம், அம்மா. முக்கியமான புத்தகம் அவள் பையிலேயே இருக்கிறது. பாடத் தாள்களின் கேள்விகள் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் 12ஆம் வகுப்புப் பாடத்தை ஒட்டியே வரும். கேரளப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதத்துக்கு அதே நூல்கள்தான்.

பொள்ளாச்சி உறவினர் தந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் தூக்கிப் போட வேண்டாம். என்சிஇஆர்டி நூல் தமிழில் வருவதில்லை. புரியாத இடத்தைத் தமிழில் படித்துத் தெளிய அவை நல்ல துணை. ஆனால் பாட வரிசையும் அளவும் வேறு. பயிற்சிக்கு அவற்றை நம்பக் கூடாது.

என்சிஇஆர்டி நூலைப் பழையதாக வாங்கினால் பதிப்பைப் பாருங்கள். வேதியியலில் முதல் பாடம் 'சாலிட் ஸ்டேட்' என்றிருந்தால் அது என்சிஇஆர்டி பாடங்களைக் குறைத்ததற்கு முந்தைய பதிப்பு. எதைப் படிப்பது, எதை விடுவது என்பதை அந்த ஆண்டு, தேர்வை நடத்தும் அமைப்பான என்டிஏ வெளியிடும் பாடத்திட்டத்தை வரிவரியாக ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

பணம் வீணாவது கைடில்தான். அட்டையில் புது வருடம் இருக்கும். உள்ளே '50 கேள்வியில் 40க்கு விடையளி, 45 நிமிடம்' என்றிருக்கும். அது 2024 வரை பல தாள்களுக்கு இருந்த முறை. 2025 முதல் 50 கேள்வியும் கட்டாயம், 60 நிமிடம். சரிக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. ஒரு கேள்விக்கு 72 விநாடிதான். பழைய முறையில் பத்துக் கேள்வியை விட்டுப் பழகிய பிள்ளை தேர்வறையில் திணறும். கடையில் நின்றபடியே, அவளுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தில் பத்துக் கேள்வியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விடை தவறாக அச்சாகியிருந்தாலோ, விளக்கமின்றி வெறும் விடை எண் மட்டும் இருந்தாலோ, வாங்காதீர்கள். பாடத்துக்கு ஒரு கைடு போதும். பழைய வினாத்தாள்களும் கணினி மாதிரித் தேர்வும் என்டிஏ தளத்தில் இலவசம்.

அதிகபட்சம் ஐந்து தாள்தான் எழுதலாம். திருவாரூரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகமோ, காசர்கோடு பெரியேயில் உள்ளதோ, சேர நினைக்கும் படிப்புக்கு எந்தத் தாள் கேட்கிறார்கள் என்று பார்த்த பிறகே புத்தகம் வாங்குங்கள். பொதுத் திறன் தாள் கேட்டால் அதன் கணக்குக்குப் பள்ளி அடிப்படைக் கணிதமே போதும். அதில் வரும் நடப்பு நிகழ்வுகளுக்கு இப்போதே தடித்த நூல் வாங்கினால் தேர்வு வருவதற்குள் பழசாகிவிடும். தினமும் நாளிதழ் படித்து அரைப் பக்கம் குறிப்பெடுக்கட்டும்.

தமிழில் எழுதுவதானால் ஒன்று கவனியுங்கள். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதி. 'மின்தேக்கி – கெப்பாசிட்டர்' என்று இரண்டு நெடுவரிசையாக ஒரு நோட்டில் கலைச்சொற்களை எழுதி வரச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே எழுதட்டும்.