நகையை விற்றா பாலம் கட்டினார்கள்?

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டையில் வளர்ந்தவள் நான். திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் போகையில் கொக்கிரகுளத்து ஆற்றுப்பாலம் வந்துவிட்டால் ஆச்சி அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள். சுலோசன முதலியாரின் மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தாராம், அதில் எழுந்ததாம் பாலம். இப்போது என் மகள் “நிஜமாகவா?” என்று கேட்கிறாள். லண்டன் பாலத்தைப் பார்த்துக் கட்டியது என்றும் சொல்கிறார்கள். எதுவரை நம்பலாம்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பணம் முதலியாருடையது, அதில் சந்தேகம் வேண்டாம். அவர் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார். அந்தக் காலத்தில் நம்மவர்கள் அங்கே எட்டக்கூடிய பெரிய பதவி அது. பாலம் இல்லாத நாளில் தாமிரபரணியில் தண்ணீர் பெருகினால் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே படகுதான். 1843இல் பாலம் திறந்தது. செலவு சுமார் 50,000 ரூபாய், முழுக்க அவர் கைக்காசு. கல்வெட்டிலேயே அது இருக்கிறது. நகை அதில் இல்லை; வாய்மொழியாக வந்த கதை. மகளிடம் ஆச்சி கதையாகவே சொல்லுங்கள், நன்றாகத்தானே இருக்கிறது!

லண்டன் சங்கதி இன்னும் சுவாரசியம். முன்மாதிரியாகச் சொல்லப்படுவது 1817இல் திறந்த வாட்டர்லூ பாலம். அதற்கு 9 வளைவுகள். நம் பாலத்தைக் கட்டிய இன்ஜினீயர் கேப்டன் ஹார்ஸ்லி இங்கே 11 வைத்தார். அசலைப் பார்க்க லண்டன் போய்ப் பிரயோசனமில்லை. தேம்ஸ் அடிமண்ணை அரித்து, தூண்கள் இறங்கி, 1930களில் அதை இடித்துவிட்டு வேறு பாலம் கட்டினார்கள்.

வளைவுப் பாலத்தின் உயிர் காலில்தான். மேலே பாரம் ஏற ஏறக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கி இறுகுமே தவிர விழாது. ஆனால் தூண் கொஞ்சம் அசைந்தால் போதும், வளைவு வாய் பிளந்துவிடும். நம் பாலமும் 1869 வெள்ளத்தில் அடிவாங்கியது, பிறகு செப்பனிட்டார்கள். அகலப்படுத்தியது எல்லாம் போன நூற்றாண்டில். 2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள், பாலம் நின்றது. (வெளியூர்க்காரர்கள் இதை ஈரடுக்குப் பாலத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 1973இல் ரயில் பாதைக்கு மேல் கட்டியது, ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

கோடையில் தண்ணீர் வடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குங்கள். மேலே பஸ் போவது வெறும் முனகலாகத்தான் கேட்கும். கூப்பிட்டால் குரல் வளைவில் முட்டித் திரும்பி வரும். நான் முதல் தடவை அப்படி அண்ணாந்து கத்திக்கொண்டிருந்தபோது, குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதட்டினார்: “ஏல, மேல பாத்தது போதும், கீழ சோப்ப மிதிச்சிராத!”