வெட்டினால் உள்ளே என்ன தெரியும்? முப்பரிமாண உடற்கூறு மாடல்கள்: கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மருத்துவ நூல்களுக்கு முப்பரிமாணப் படம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஞாயிறு காலை பத்து மணி முதல் இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். மார்பை முன்பாதி பின்பாதியாகப் பிளந்து இதயத்தைக் காட்டும் என் படம் ஒன்றை மாதிரிக்காக மேலே வைத்திருந்தேன். அதுதான் பிறகு வினையாக முடிந்தது. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். தொடங்கும் முன் ஒரு வார்த்தை: வெட்டுவதற்கு முன் கோப்பை நகல் எடுத்து வையுங்கள்.

ராயபுரம், மருத்துவ மாணவி: முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் ஒரு தொடை எலும்பு மாடலை, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும் பூலியன் மூலம் பாதியாக வெட்டினேன். உள்ளே காலியாக இருக்கிறது, காகிதத்தில் செய்தது போல. ஏன்?

அம்மா, அதற்குள் முதலிலிருந்தே ஒன்றும் இல்லை. மெஷ் என்பது சிறு சிறு தட்டை முகங்களை ஒட்டிச் செய்த வெறும் மேல்தோல். முட்டைக்குள் வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் இருப்பது நமக்குத் தெரியும். மென்பொருளிடம் இருப்பது ஓடு மட்டும்தான். ஓட்டில் ஓட்டை இல்லாமல் இருந்தால், வெட்டிய இடத்தை அதுவே மூடித் தரும். எங்கோ ஒரு முகம் விடுபட்டிருந்தால் அதற்கு உள் எது, வெளி எது என்று புரியாமல் கையை விரித்துவிடும். எடிட் நிலையில் 'நான் மேனிஃபோல்ட்' என்று தேர்வு செய்து பாருங்கள், கிழிசல் இருக்கும் இடமெல்லாம் ஒளிரும். அடைத்துவிட்டு, 'ஃபேஸ் ஓரியண்டேஷன்' போட்டுப் பாருங்கள். வெளிப்பக்கத்தில் எங்கும் சிவப்பு இருக்கக்கூடாது. சிவப்பு தெரிந்தால் அங்கே முகம் உள்வெளியாகத் திரும்பியிருக்கிறது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் என் அழுத்துங்கள்.

இத்தனைக்கும் பிறகு வெட்டினால் எலும்பு நிறைந்திருக்கும். ஆனால் சாக்பீஸைப் போல நிறைந்திருக்கும்! தொடை எலும்பு அப்படி இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நடுத்தண்டில் கெட்டியான சுவர், நடுவே மஜ்ஜைக்கான குழி, இரு முனைகளிலும் மெல்லிய ஓடும் அதற்குள் பஞ்சு எலும்பும். பலர் 'சாலிடிஃபை' போட்டு உட்பக்கமாக ஒரு சுவர் எழுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அது மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமனில் சுவர் வைக்கும், எலும்பு பி.வி.சி. குழாயாகிவிடும். மெஷின் புள்ளிகளைத் தொகுத்து ஒரு வெர்டெக்ஸ் குரூப் உருவாக்கி, நடுத்தண்டில் முழு எடையும் முனைகளை நோக்கிக் குறையும் எடையுமாகத் தீட்டி, அதைச் சாலிடிஃபையில் கொடுங்கள், எடை கூடிய இடத்தில் சுவர் தடிக்கும். இப்படி மாடலின் மேல் போடும் மாற்றங்களுக்கு மாடிஃபையர் என்று பெயர், அந்த வரிசையில் சாலிடிஃபை மேலே, பூலியன் கீழே. எதற்கும் 'அப்ளை' அழுத்தாதீர்கள். அழுத்தினால் வெட்டு நிலைத்துவிடும், பிறகு அரை அங்குலம் நகர்த்தக்கூட முடியாது.

தண்டையார்பேட்டை: இதை மொபைலில் செய்ய முடியுமா?

பார்க்கலாம். செய்வதற்குக் கணினி வேண்டும்.

வியாசர்பாடி: நுரையீரல், இதயம், விலா எலும்பு என்று நாற்பது பொருள்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வெட்ட வேண்டுமா? மேலும் வெட்டு முகத்தில் இரண்டு நிறங்கள் மாறி மாறி மினுக்குகின்றன.

கத்தி ஒன்று போதும். ஒரு கனசதுரத்தைக் கத்தியாக வைத்து, ஓர் உறுப்புக்குப் பூலியன் கொடுங்கள். பிறகு மற்ற எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, அந்த உறுப்பைக் கடைசியாகத் தேர்ந்து, கண்ட்ரோல் எல் அழுத்தி 'காப்பி மாடிஃபையர்ஸ்' கொடுத்தால் நாற்பதும் ஒரே கத்திக்குக் கட்டுப்படும். கத்தியை நகர்த்தினால் எல்லா வெட்டும் சேர்ந்து நகரும்.

மினுக்கல் வருவது உங்கள் உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருப்பதால். முழு உடலாகப் பார்க்கும்போது நுரையீரல் இதயத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் நுழைந்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. வெட்டியதும் இரண்டின் முகங்களும் ஒரே தளத்தில் வந்து 'நான்தான் முன்னால்' என்று சண்டை போடும். நுரையீரலிலிருந்து இதயத்தை முதலில் கழித்துவிடுங்கள், அதுவும் பூலியன்தான். முன்னதாக நகல் எடுத்து வையுங்கள்.

திருவொற்றியூர்: பூலியன் போட்டால் உள்ளே காலியாகத் தெரிகிறது. என்ன செய்வது?

முதல் பதில்.

கொளத்தூர்: என் தந்தையின் சி.டி. ஸ்கேன் குறுந்தகட்டில் இருக்கிறது. அதை வெட்டிப் பார்த்து அவருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கலாமா?

வெட்டிப் பார்க்கலாம். கண்டுபிடிக்கும் வேலையை ஸ்கேனுக்கு அனுப்பிய மருத்துவரிடம் விட்டுவிடுங்கள் சார். '3டி ஸ்லைசர்' என்ற மென்பொருள் இலவசம். அதில் குறுந்தகட்டில் உள்ள ஸ்கேன் கோப்புகளை (டைகாம்) ஏற்றி, ஸ்கேனை முழுக் கனமாகக் காட்டும் வால்யூம் ரெண்டரிங்கில் 'க்ராப்' போட்டால் பெட்டியின் ஓரத்தை இழுக்க இழுக்க உடல் திறந்துகொண்டே வரும். இங்கே ஓடு, உள் என்ற தொல்லை இல்லை. ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு: காற்றுக்கு ஏறத்தாழ -1000, தண்ணீருக்கு 0, எலும்பு அதற்கு வெகு மேலே. படிக்கட்டு போல் தெரிந்தால் அது மென்பொருளின் குற்றமன்று, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் எடுத்த ஸ்கேனாக இருக்கும். படத்தை யாருக்கும் அனுப்பும் முன் கோப்புக்குள் இருக்கும் நோயாளியின் பெயரையும் எண்ணையும் நீக்கிவிடுங்கள். அந்த மென்பொருள் சிகிச்சைக்கு அனுமதி பெற்றதன்று, ஆராய்ச்சிக்கானது.

பெரம்பூர், ஓய்வுபெற்ற உடற்கூறியல் ஆசிரியர்: மேலே நீங்கள் வைத்திருக்கும் படத்தைப் பற்றியே கேட்கிறேன். நெஞ்சை முன்பின்னாகப் பிளந்திருக்கிறீர்கள். விலா, நுரையீரல், இதயம் எல்லாம் வெட்டுப்பட்டிருக்கின்றன. பெருந்தமனி மட்டும் கத்தி படாமல் முழுசாக நிற்கிறது. எந்த உடலில் அப்படி நிற்கும்?

எந்த உடலிலும் நிற்காது ஐயா. ஆனால் பெருந்தமனியையும் வெட்டிவிட்டால் அதன் வளைவு பாதியில் அறுந்து, எங்கே போகிறது என்று மாணவனுக்குப் புரியாமல் போகும். லியனார்டோ டாவின்சி 1489இல் வரைந்த மண்டையோட்டைப் பாருங்கள். முகத்தின் ஒரு பாதி முழுசாக, மறுபாதி அறுபட்டு உள்ளிருக்கும் காற்றறைகளைக் காட்டிக்கொண்டு இருக்கும். எதை வெட்டுவது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பதுதான் எங்கள் தொழில்.

பெரம்பூர் ஆசிரியர்: லியனார்டோவைத் துணைக்கு அழைக்காதீர்கள். அவர் வரைந்ததை ஒரு ரம்பத்தால் உண்மையிலேயே அறுக்க முடியும். உங்கள் கத்தி தமனிக்குள் புகுந்து, அதைத் தொடாமல் மறுபக்கம் வருகிறது. அது மந்திரம்.

இதற்குப் பதில் எழுத எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் வேறொருவர் புகுந்துவிட்டார்.

காசிமேடு, மீன் வியாபாரி: மகன் படிக்கிறான், அவனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வஞ்சிரத்தை வட்டத் துண்டு போட்டால் கத்தி நடுமுள்ளையும் சேர்த்துத்தான் வெட்டும். துண்டின் நடுவே முள், இரு பக்கமும் சதை, கீழே வயிற்றுக் குழி, எல்லாம் ஒரே மட்டத்தில் தெரியும். முள் இல்லாமல் கேட்பவருக்கு, முள்ளை ஒட்டியே கத்தியை ஓட்டிச் சதையை மட்டும் எடுப்போம். முள் முழுசாக நிற்கும். இரண்டும் கத்தி செய்கிற வேலைதானே, இதில் மந்திரம் எங்கே வந்தது?

அண்ணே, உங்கள் மகன் கொடுத்து வைத்தவன்.

பெரம்பூர் ஆசிரியர்: நண்பர் சொல்வது சரி. ஆனால் முதலாவது குறுக்குவெட்டு, இரண்டாவது அறுத்துப் பிரித்தெடுத்தல். மீன்காரர் ஒரே துண்டில் இரண்டையும் கலந்து தராசில் வைப்பதில்லை. இவர் கலக்கிறார், கலந்ததைச் சொல்லவும் இல்லை. இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு சி.டி. ஸ்கேனைப் பார்க்கும் மாணவன் அங்கே பெருந்தமனியை வட்டமாகப் பார்த்துத் திகைப்பான்.

இதில் நான் தோற்றுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். கலப்பதை விடமாட்டேன், சொல்லாமல் கலப்பதை விடுகிறேன். கத்தி பட்ட முகங்களுக்கெல்லாம் நிழலும் மினுமினுப்பும் இல்லாத தட்டையான நிறம். கத்திக்குத் தப்பிய உறுப்புகளுக்கு வழக்கமான பளபளப்பு. கீழே ஒரு வரி: 'பெருந்தமனி வெட்டப்படவில்லை'. நிறம் கொடுப்பது எளிது. கத்திக்கு ஒரு மெட்டீரியல் கொடுத்து, பூலியனின் எக்ஸாக்ட் முறையில் மெட்டீரியலை 'டிரான்ஸ்ஃபர்' என்று வைத்தால் வெட்டு முகம் கத்தியின் நிறத்தை ஏற்றுக்கொள்ளும்.

எண்ணூர்: வெட்டிய மாடலை 3டி பிரிண்ட் எடுக்கக் கொடுத்தேன். இதயம் மணல் துகள் அளவில்தான் இருக்கிறது என்று கடைக்காரர் திருப்பிவிட்டார்.

பிரிண்டுக்குக் கொடுக்கும் எஸ்.டி.எல். கோப்பில் எண் உண்டு, அலகு இல்லை. நீங்கள் மீட்டரில் செய்ததைக் கடைக்காரர் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டார். ஏற்றுமதி செய்யும்போது 1000 மடங்கு.

மாதவரம்: பாதி உடல் மாடல்தான் கிடைத்தது. கண்ணாடிப் பிம்பம் எடுத்து மறுபாதியைச் செய்துகொள்ளலாமா?

எலும்புக்கும் தசைக்கும் செய்யலாம். உள்ளுறுப்புகளுக்குச் செய்தால் இரண்டு கல்லீரலோடு ஒரு மனிதர் கிடைப்பார். எனக்கே இந்த விபத்து நடந்திருக்கிறது. படம் நன்றாக அமையட்டும் என்று மாடலை இடம்வலமாகத் திருப்பி ஒரு நூலுக்கு அனுப்பினேன். கல்லீரல் இடப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. அச்சுக்குப் போகும் முந்தைய நாள் பிழைதிருத்துபவர் கண்ணில் பட்டது. எந்தக் கோப்பிலும் உடலின் வலக்கையில் ஒரு சிவப்பு உருண்டையைக் கட்டிவிடுவது அன்றிலிருந்து என் வழக்கம்.

தண்டையார்பேட்டை: இணையப் பக்கத்தில், பார்ப்பவரே தளத்தை இழுத்து வெட்டும்படி வைக்க முடியுமா?

இணையப் பக்கத்தில் முப்பரிமாணம் காட்டும் 'திரீ.ஜேஎஸ்' நிரல் நூலகத்தில் 'கிளிப்பிங் பிளேன்ஸ்' (வெட்டுத் தளங்கள்) இருக்கிறது. அது வெட்டுவதில்லை, ஒரு பக்கத்தை வரையாமல் விடுகிறது, அவ்வளவுதான். அதனால் வேகம், அதனாலேயே உள்ளே ஓடு மட்டும் தெரியும். மூடிபோட 'ஸ்டென்சில்' முறை உண்டு, அந்த நூலகத்தின் எடுத்துக்காட்டுகளிலேயே இருக்கிறது.

மூலக்கடை: உள்ளே காலியாக…

முதல் பதில், ஐயா. முதல் பதில்.

பெரம்பூர் ஆசிரியர்: இன்னொன்று. தொடை எலும்புக்கு ஒரே தடிமனில் சுவர் வைக்கக்கூடாது என்று அந்த மாணவிக்குப் பாடம் நடத்தினீர்களே. உங்கள் படத்தில் இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் ஒரே தடிமன். இடது கீழறை உடல் முழுவதற்கும் இரத்தத்தை உந்த வேண்டும். அதன் சுவர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். வலது கீழறை நுரையீரல்களுக்கு மட்டும் அனுப்புகிறது, அதற்கு மூன்றில் ஒரு பங்கு தடிமன் போதும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாலிடிஃபை, 0.8, இரண்டு பக்கமும். எடை தீட்டவே இல்லை. நகல் எடுத்து வைத்திருந்தேன், அதுவரைக்கும் புண்ணியம்.

மீதிக் கேள்விகளை ஒதுக்கிவிட்டுத் திருத்த உட்கார்ந்தேன். கீழறைகளின் நடுத்தடுப்பை இடது பக்கத்தோடு சேர்த்துத் தடிமனாக்கினேன், வலது சுவரை மெலித்தேன், தமனிக்குக் கீழே அந்த வரியையும் எழுதினேன். இரவு ஒன்பது மணிக்குப் புதிய படத்தைப் போட்டேன்.

பெரம்பூர் ஆசிரியர்: வலது சுவர் இன்னும் கொஞ்சம் மெலியட்டும்.