கணக்குக் கேட்டால் அவிசுவாசமா?

அன்புள்ள ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் இந்த மாதம் யூதாவின் யோசியா ராஜாவைப் படிக்கிறோம். 8 வயதில் ராஜாவாகி, வலது இடது சாயாமல் நடந்தவன் 39 வயதில் மெகிதோவில் அம்பு பட்டுச் சாகிறான். ‘சமாதானத்தோடே கல்லறையில் சேர்வாய்’ என்று தீர்க்கதரிசினி உல்தாள் சொன்னது என்ன ஆனது? உண்மையாய் இருந்து அவன் என்ன கண்டான்? ஆலயத்தைப் பழுது பார்க்கும்போது கிடைத்த நியாயப்பிரமாண புஸ்தகம் உபாகமமா, ஐந்து ஆகமங்களுமா? அவனைப்போல நாமும் பஸ்கா ஆசரிக்கலாமா?

இன்னொன்று, பெரிய விஷயமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கூரைக்குச் சேர்த்த காசுக்குக் கணக்குக் கேட்டேன். மேசன் பாசுக்குக் கையாளாக நின்ற எங்கள் பெரியப்பாவுக்கு ஆறு நாள் சம்பளம் பாக்கி. “யோசியாவே கணக்குக் கேட்கவில்லை, உனக்கு விசுவாசம் பத்தாது” என்றார் கமிட்டியில் ஒருவர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஒரு வாசகி, தலவாக்கலை

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

‘பெரிய விஷயமில்லை’ என்று எழுதியதற்காக முதலில் உங்களைத்தான் கண்டிக்க வேண்டும். கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். கமிட்டிகள் அந்த வசனத்தை எடுத்து வீசுகிற விதம் கொஞ்ச காலமாகவே என் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

பஸ்காவை விடுங்கள், நமக்குத் திருவிருந்து இருக்கிறது. கிடைத்த புஸ்தகம் உபாகமம், அல்லது அதன் ஒரு பகுதி என்றுதான் வேத அறிஞர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். அதற்கு மேல் அந்த விவாதத்தில் நேரம் போக்காதீர்கள்.

அவர் உங்கள்மேல் வீசியது 2 இராஜாக்கள் 22:7. ஆலயத்தைப் பழுது பார்த்த வேலைக்காரர் உண்மையாய் நடந்தபடியால் பணத்துக்கு அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்பது அது. அதற்கு மூன்று வசனம் முன்னால் போய்ப் பார்த்தாரா? வாசல் காக்கிறவர்கள் ஜனத்திடம் வாங்கிய பணத்தைத் தொகை பார்க்கும்படி பிரதான ஆசாரியன் இல்க்கியாவிடம் சொல்லியனுப்புகிறான் ராஜா. போனவன் சம்பிரதி சாப்பான், அரமனையின் எழுத்தர். அதாவது கோயிலின் ஆள் ஒருவர், அரமனையின் ஆள் ஒருவர். தொகை தெரிந்த பிறகுதான் பணம் வேலையை விசாரிக்கிறவர்கள் கைக்குப் போகிறது. நம்பிக்கை எண்ணிக்கைக்குப் பின்னால் வருகிறது.

இந்த ஒழுங்கு சும்மா வந்ததும் இல்லை. யோசியாவுக்குச் சுமார் 200 வருடங்களுக்கு முன் யோவாஸ் ராஜா காலத்தில் இதே ஆலயப் பழுது. ஆசாரியர்களே பணத்தை வாங்கிப் பழுது பார்க்கட்டும் என்று விட்டார்கள். ராஜாவின் 23ஆம் வருடம் வரை ஒரு பழுதும் பார்க்கப்படவில்லை. பிறகுதான் ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டுப் பலிபீடத்துக்கு வலப்பக்கம் வைத்தான். பணம் நிறைந்தபோது ராஜாவின் எழுத்தரும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். ஆசாரியருக்குச் சேரவேண்டிய குற்றநிவாரணப் பணமும் பாவநிவாரணப் பணமும் கட்டடப் பணத்தோடு கலக்கவில்லை. இவ்வளவும் முடிந்த பிறகு, 2 இராஜாக்கள் 12:15இல், உங்கள் கமிட்டிக்காரருக்குப் பிடித்த அதே வாக்கியம் வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நியாயப்பிரமாண புஸ்தகம் எப்போது கிடைத்தது? காணிக்கைப் பணத்தை வெளியே எடுக்கும்போது என்கிறது 2 நாளாகமம் 34:14. சாப்பான் ராஜாவிடம் திரும்பிப் போய் முதலில் சொன்னது புஸ்தகத்தைப் பற்றி அல்ல. பணம் கொட்டிக் கொடுக்கப்பட்டது, இன்னார் கையில் இருக்கிறது என்று ஒப்புவித்தான். அதற்குப் பிறகே, “இல்க்கியா என் கையில் ஒரு புஸ்தகம் கொடுத்தான்” என்றான். ராஜா வஸ்திரம் கிழித்த இடத்தை நாம் கண்ணீரோடு பிரசங்கிக்கிறோம், அதற்கு முந்தின வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

உங்கள் கோயிலில் என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். கூரைக் காசும் ஞாயிறு காணிக்கையும் ஒரே பையில் போகும். அறுப்பின் பண்டிகைக்குக் கையில் காசு இருக்காது, “அடுத்த மாசம் வச்சிடலாம்” என்று கூரைக் காசில் கை வைப்பார்கள். தகரக் கடைக்காரன் கடன் நிற்க விடமாட்டான், மேசன் பாஸ் காசு வராவிட்டால் வேலையை நிறுத்துவான். கடைசியில் மிஞ்சுவது கையாள்தான். அவர் தோட்டத்து ஆள், சபையின் ஆள், சத்தம் போடமாட்டார். “கர்த்தருக்குச் செஞ்ச ஊழியமா நெனச்சுக்குங்க” என்று அவரிடம் சொல்லிவிடுவார்கள். யாரும் திருடவில்லை, ஆனாலும் ஒருவர் கூலி போய்விட்டது.

மாற்று வழி கடினமில்லை. ஆராதனை முடிந்ததும், ஆட்கள் கலைவதற்கு முன், ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் மேசையிலேயே எண்ணட்டும். 5,000 தாள் எத்தனை, 1,000 எத்தனை, சில்லறை எவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்து வைக்கட்டும். கூரைக் காசுக்குத் தனிக் கொப்பி, இலக்கம் அச்சடித்த ரசீதுப் புத்தகம், இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு. மணல் வந்தால் எத்தனை கியூப், யார் இறக்கி எடுத்தார் என்று பில்லின் பின்னாலேயே எழுத வேண்டும். சீமெந்து மூட்டையும் தகரமும் அப்படித்தான். வேலையாட்களுக்குப் பெயர்ப் பட்டியல்: திகதி, முழு நாளா அரை நாளா, தொகை, வாங்கியவர் கையெழுத்து. மாதத்துக்கு ஒரு ஞாயிறு அறிவிப்போடு சேர்த்து அந்தக் கணக்கைச் சத்தமாக வாசிக்க வேண்டும். யோசியாவும் புஸ்தகத்தை அறைக்குள் வைத்துக்கொள்ளவில்லை. சிறியோர் முதல் பெரியோர் வரை எல்லாரும் கேட்க வாசித்தான்.

கொழுந்து நிறை குறைந்தது என்று அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்ட கதையும், துண்டுச் சீட்டில் கடனோடு குடும்பங்களைக் கைமாற்றிய கதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபாயாக வர எத்தனை வருடம் கத்தினோம்! அந்த ஜனத்தின் கோயிலுக்குள் ஒரு கூலியாளின் ஆறு நாள் காணாமல் போனால், துரைமாரைப் பற்றிப் பேச நமக்கு வாய் ஏது? சிரித்தவர்கள் எரேமியா 22ஐ முழங்காலில் நின்று வாசிக்கட்டும். யோசியாவின் மகன் யோயாக்கீம் அயலானிடம் சும்மா வேலை வாங்கி மாளிகை கட்டினான். ‘உன் தகப்பன் எளியவனுடைய நியாயத்தை விசாரித்தான், அதல்லவோ என்னை அறிகிற அறிவு’ என்று அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார் கர்த்தர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எகிப்தின் ராஜா நேகோ தேவன் பேரில் எச்சரித்தும் யோசியா கேட்காமல், வேஷம் மாறிப் போருக்குப் போனான் என்று 2 நாளாகமம் 35 மறைக்காமல் சொல்கிறது. உல்தாள் வாக்குக் கொடுத்தது நீண்ட ஆயுளுக்கு அல்ல. எருசலேமுக்கு வரும் பொல்லாப்பை அவன் கண்கள் காணாது என்றாள், காணவில்லை. அவன் இறந்தது கி.மு. 609, நகரம் எரிந்தது அதற்கு இருபது வருடங்களுக்கும் மேல் கழித்து. உண்மையாய் இருந்தால் அம்பு படாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. அப்படி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் இருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். சபையில் மதிப்புள்ள ஒரு அக்காவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். 2 நாளாகமம் 34:8 முதல் 17 வரை வாசிக்க அனுமதி கேளுங்கள். கூலியாளுக்குப் பொழுது சாயுமுன் கூலி கொடு என்கிற உபாகமம் 24:15ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைக் கணக்கை அடுத்த ஞாயிறு கொடுப்பதாகச் சொன்னால் சரி என்று விட்டுவிடலாம். பெரியப்பாவின் சம்பளத்தை அன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.