வெயில் மேல் பழி போடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் தாத்தா 1950களில் பிறை ரயில் யார்டில் வேகன் பரிசோதகராக வேலை பார்த்தவர். நீளக் காம்புச் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிச் சத்தம் கேட்பாராம். அவர் நாளெல்லாம் பார்த்த நான்கு சக்கர மூடிய சரக்கு வேகனை 1:87 அளவில் செய்து பாட்டி கையில் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

நண்பரின் 8 அங்குல கிராஃப்ட் கட்டரில் (கணினி வரைபடத்தைப் பிளேடால் வெட்டும் இயந்திரம்) ஸ்டைரீன் என்ற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி மூன்று வேகன்கள் செய்தேன். பக்கவாட்டுச் சுவர் 70 மி.மீ. நீளம். உள்ளே 0.5 மி.மீ. தகடு, அதன் மேல் சட்டங்களும் கதவும் வெட்டிய 0.25 மி.மீ. தகடு. எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) தடவி ஒட்டினேன். மறுநாளே பெட்டியாக மூடிவிட்டேன். மூன்று வாரத்தில் எல்லாச் சுவரும் நடுவில் உள்வாங்கிவிட்டது. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இந்தப் பிளாஸ்டிக் தாங்காது போலிருக்கிறது.

என் கேள்விகள்: 12 அங்குல இயந்திரம் வாங்கலாமா? அழுத்தம் எவ்வளவு வைப்பது? தபாவ் (பார்சல் சாப்பாட்டு) டப்பாவின் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தலாமா? தண்டவாளம் 9 மி.மீ.யா, 12 மி.மீ.யா?

ஒரு வாசகன், பட்டர்வொர்த்

*

அன்புள்ள தம்பி,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு முன்னால், கேள்விக்குறி போடாமல் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்த வெயில் வரிதான் என்னை உட்கார வைத்தது. கோலாலம்பூரில் மாடல் ரயில் செய்கிறவர்களில் பாதிப் பேர் இதையே சொல்கிறார்கள். சுவர் வளைந்தால் வெயில், ஒட்டு விட்டால் ஈரம், பெயிண்ட் உரிந்தால் மழை. இதைப் பற்றி ஒருநாள் எழுத வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். 12 அங்குலம் வேண்டாம். உங்கள் சுவர் 70 மி.மீ.தான், 8 அங்குல மேட்டில் (தகட்டை ஒட்டி வைத்து வெட்டும் பிசின் விரிப்பு) ஒரு முழு வேகனே அடங்கும். தபாவ் டப்பாவும் வேண்டாம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிப்ரோப்பிலீன், உங்கள் எம்.இ.கே. அதை ஒன்றும் செய்யாது. பாலிஸ்டைரீன் என்றால் 6 என்று இருக்கும். எண் இல்லாத துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிட்டுப் பாருங்கள். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், ஸ்டைரீன் மூழ்கும். தண்டவாளம்: நம் பாதை மீட்டர் கேஜ். இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5. ஆகவே 12. 9 மி.மீ. பாதைதான் வேண்டும் என்றால் 1:110 அளவுக்குப் போக வேண்டும், செய்த மூன்று வேகனையும் தூக்கிப் போட வேண்டும். அது தேவையில்லாத வேலை.

இப்போது வெயில்.

பாலிஸ்டைரீன் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.08 மி.மீ. நீளும். ஏர்கான் அறையில் 22 டிகிரியில் இருந்த வேகனை 34 டிகிரி வராந்தாவுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 70 மி.மீ. சுவர் 0.07 மி.மீ. நீளும், அதாவது ஒரு தலைமுடியின் கனம். அதுவும் சுவர், தரை, கூரை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் என்பதால் எல்லாமே சேர்ந்து நீளும், குளிர்ந்தால் சேர்ந்து சுருங்கும். எது எதை வளைப்பது? ஈரமும் அப்படித்தான். ஸ்டைரீன் குடிக்கும் தண்ணீர் அதன் எடையில் 0.1 சதவீதம்கூட வராது. மரப்பலகை ஈரத்தில் உப்பும் என்பதற்காக அந்தக் குணத்தைக் கொண்டுபோய் பிளாஸ்டிக்கின் தலையில் கட்டக் கூடாது. வெயிலில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்தீர்கள் என்றால் அது வேறு கதை. நீங்கள் அலமாரியில் வைத்திருந்ததாகத்தான் தெரிகிறது.

வளைத்தது நீங்கள் தடவிய எம்.இ.கே. அது பசை கிடையாது, கரைப்பான். தகட்டின் மேல்தோலைக் கரைத்து உப்ப வைக்கும். உப்பிய இரண்டு தோல்கள் ஒன்றோடொன்று கலந்து, பிறகு கரைப்பான் ஆவியாக வெளியே போனதும் இறுகும். போகும்போது உப்பியது சுருங்கும். 0.25 தகடு மெலிசு. முகம் முழுவதும் தடவினால் அதன் கனத்தில் பெரும்பகுதி ஊறிப்போகும். 0.5 தகட்டில் ஒரு பக்கத் தோல் மட்டும் நனையும். காயும்போது மெலிசானது அதிகம் சுருங்கி, கனமானதைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் முந்திக் காய்ந்த அப்பளம் சுருள்கிற மாதிரிதான். உங்கள் மெலிசுத் தகடு வெளியே இருக்கிறது. சுவரின் முனைகள் மூலையில் கட்டுண்டு கிடக்கின்றன. இழுப்பு வெளிப்பக்கத்தில் என்றால் நடு எங்கே போகும்? உள்ளே போகும். நீங்கள் எழுதியிருப்பதும் அதைத்தான்.

இதற்கு மேல், மறுநாளே பெட்டியை மூடிவிட்டீர்கள்! இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிய கரைப்பான் ஓரங்கள் வழியாகவும் தகட்டின் ஊடாகவும்தான் வெளியேற வேண்டும். அதற்கு வாரக் கணக்கில் ஆகும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி தங்கி, சுவரை உள்ளிருந்து மென்மையாக வைத்துக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் என்று எழுதினீர்களே, அதுதான் சாட்சி. வெயில் காரணமாக இருந்தால் முதல் மதியமே தெரிந்திருக்கும்.

உங்கள் தாத்தா சக்கரத்தைத் தட்டியபோது நாதம் கணீரென்று வராமல் மட்டமாக வந்தால் விரிசலைத் தேடியிருப்பார், வானத்தைப் பார்த்திருக்க மாட்டார். பேரன் அதைச் செய்ய வேண்டாமா?

ஒருவேளை சுவர் வெளிப்பக்கம் பிதுங்கினால் அது வேறு நோய். எடைக்காக ஈயக் குண்டுகளை வெள்ளைப் பசையில் குழைத்து உள்ளே ஊற்றுகிறவர்கள் உண்டு. அந்தப் பசையிலிருந்து வரும் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். பொடி இடம் அதிகம் எடுக்கும். சில வருடங்களில் வேகன் வயிறு வெடிக்கும். எடைக்கு இரும்பு நட்டுகளை எபாக்ஸியில் ஒட்டுங்கள், போதும்.

இனி செய்ய வேண்டியது. சுவரை மூன்று அடுக்காக்குங்கள்: வெளியே 0.25, நடுவே 0.5, உள்ளே மறுபடி 0.25. உள் தகட்டில் வேலைப்பாடு எதுவும் வேண்டாம், வெறும் செவ்வகம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தால் சுவர் நேராக நிற்கும். ஆனால் இரண்டையும் ஒரே அமர்வில் ஒட்ட வேண்டும். இன்று ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்றால் முதல் வளைவு இறுகிவிட்டிருக்கும். நடுத் தகட்டில் 8 முதல் 10 மி.மீ.க்கு ஒன்றாக 1 மி.மீ. துளைகள் போடுங்கள். 0.5 தகட்டில் உங்கள் இயந்திரம் துளை வெட்டாது. துளையின் மையத்தில் சிறு கூட்டல் குறியை மட்டும் கீற வைத்து, கைத்துரப்பணத்தால் துளையுங்கள்.

எம்.இ.கே.யை முகம் முழுக்கப் பூசுவதை இன்றோடு விடுங்கள். தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, மெல்லிய தூரிகையின் நுனியால் ஓரத்தைத் தொட்டால் அதுவே இடுக்கில் ஓடிக்கொள்ளும். நடுப்பகுதிக்கு அந்தத் துளைகள் வழியே ஆங்காங்கே ஒரு சொட்டு. உள் தகடு துளைகளை மறைத்துவிடும் என்பதால் முதலில் வெளித்தகடு, உடனே திருப்பி உள் தகடு. பிறகு இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே பேக்கிங் தாள் (கேக் சுடும் தட்டில் விரிப்பது) வைத்துச் சுமையேற்றி ஒரு இரவு. அதன் பின் சுமையை எடுத்துவிட்டு, காற்றுப் படும்படி ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். கண்ணாடிக்குள்ளேயே ஒரு வாரம் வைப்பதில் பயனில்லை, ஆவி போக வழியிருக்காது.

பெட்டியாக்கும்போது குறுக்கே இரண்டு தடுப்புகள், 1 மி.மீ. தகட்டில். வெளி அகலம் 28 மி.மீ. என்றால் சுவர்கள் பக்கத்துக்கு 1 மி.மீ. போக, தடுப்பு 26. ஒவ்வொரு தடுப்பின் நடுவிலும் பெரிய துளை, இல்லாவிட்டால் ஒரு பெட்டிக்குப் பதில் மூன்று மூடிய பெட்டிகள் செய்தவர் ஆவீர்கள். தரையில் 4 மி.மீ. துளைகள் மூன்று. தரையை ஒட்டவே ஒட்டாதீர்கள், எம்2 (2 மி.மீ.) திருகால் மாட்டுங்கள். வேகனைக் கவிழ்த்துப் பார்க்கிறவருக்குத் துளை தெரியுமே என்றால், கவிழ்த்துப் பார்க்கிறவர் உங்களைப் போல ஒருவராகத்தான் இருப்பார், அவருக்குக் காரணம் புரியும்.

கரைப்பானை மாற்றலாமா என்றால், டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிப்பது. பினாங்கு மதியத்தில் தூரிகை இணைப்பைத் தொடும் முன்பே பாதி பறந்துவிடும், மூச்சுக்கும் கெடுதல். லிமோனீன் 176 டிகிரியில் கொதிப்பது. மணம் நன்றாக இருக்கும், தகட்டுக்குள் புகுந்தால் எளிதில் கிளம்பாது. 80 டிகிரியில் கொதிக்கும் எம்.இ.கே. நடுவாந்திரம். அதிலேயே இருங்கள், அளவைக் குறையுங்கள். ஏர்கான் போட்டு அடைத்த அறையில் அதைத் திறக்காதீர்கள், ஜன்னல் ஓரமாகச் செய்யுங்கள்.

நம் ஊர் பருவநிலைக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது இரண்டு இடத்தில் கை வைக்கும். சூட்டில் மேட்டின் பிசின் இளகி தகட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். பிசின் இருக்கும் இடத்தில் எம்.இ.கே. சரியாகப் பிடிக்காது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளை பூக்கும். இவற்றுக்கு வெயிலையும் ஈரத்தையும் தாராளமாகத் திட்டலாம்.

அழுத்தம் எவ்வளவு என்று கேட்டீர்கள். பிளேடு புதிதா பழையதா என்பதைப் பொறுத்து அது மாறும், என் எண் உங்களுக்கு உதவாது. ஓரத்தில் 5 மி.மீ. சதுரம் ஒன்றை வெட்டிச் சோதியுங்கள். முதல் ஓட்டம் லேசாக, அடுத்த இரண்டு முழு அழுத்தத்தில், வேகம் மிகக் குறைவாக. 0.25 தகடு முழுதாக அறுபடாவிட்டாலும் கீறலில் மடக்கினால் சுத்தமாக முறியும். 0.5 எப்போதுமே கீறி முறிப்பதுதான். கதவுச் சந்து போன்ற சின்னத் திறப்புகளை முதலில், வெளிக்கோட்டைக் கடைசியில் வெட்டச் சொல்லுங்கள், முன்பே வெளிக்கோடு அறுபட்டால் துண்டு நகரும். செவ்வகத்தை ஒரே மூடிய கோடாக வரையாதீர்கள். இழுபடும் பிளேடு மூலையில் திரும்பும்போது உருட்டிவிடும். நான்கு தனிக் கோடுகளாக வரைந்து, ஒவ்வொன்றையும் மூலையைத் தாண்டி 0.1 மி.மீ. ஓட விடுங்கள். வெட்டி முடிந்ததும் தகட்டை மேட்டிலிருந்து உரிக்கக் கூடாது. மேட்டைக் கவிழ்த்து, மேட்டைத் தகட்டிலிருந்து வளைத்து உரியுங்கள்.

இங்கேயும் என் பழைய வழக்கு வந்து நிற்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பிளேடு பிளாஸ்டிக்கை எடுத்துப் போடாது, ஏர் மாதிரி இருபுறமும் ஒதுக்கும். கோட்டின் இரு ஓரத்திலும் மேடு எழும்பும், நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். மேடிட்ட பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டினால் தகடுகள் படியாது, இடைவெளி இருக்கும். இடைவெளி தெரிந்ததும் நீங்கள் இன்னும் கொஞ்சம் எம்.இ.கே. ஊற்றுவீர்கள். பிறகு பழியை வெயில் மேல் போட்டு எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். 600 எண் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் ஒட்டி இரண்டு தேய்ப்பு, மேடு போய்விடும்.

பழைய மூன்று வேகனை எறியாதீர்கள். தரையை அறுத்து எடுங்கள். அவற்றின் சுவர் 0.75 மி.மீ., எனவே 28 மி.மீ. அகலத்துக்குத் தடுப்பு 26.5. உள்வாங்கிய இடத்தில் அதை மெதுவாக நுழைத்தால் சுவரைத் தள்ளி நேராக்கும். மூலைகளில் மட்டும் ஒரு சொட்டு வைத்து, தரையில்லாமல் ஒரு மாதம் திறந்து வையுங்கள். அதற்கு முன் பெயிண்ட் அடிக்க வேண்டாம், பெயிண்டும் ஒரு மூடிதான். எழுத்து வைக்கும்போது தாத்தாவின் காலத்தை நினைவில் வையுங்கள். 1950களில் அது மலாயன் ரயில்வே, எஃப்.எம்.எஸ்.ஆர். (ஃபெடரேட்டட் மலாய் ஸ்டேட்ஸ் ரயில்வே) என்ற பழைய பெயர் அதற்குள் போய்விட்டது. அக்காலப் புகைப்படம் ஒன்றைத் தேடி எழுத்தின் உயரத்தைக் கதவின் உயரத்தோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள். பாட்டிக்குக் கொடுப்பதற்குள் ஒரு மாதம் தள்ளிப்போகும். அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.