கட்டெறும்புக் கூட்டத்துக்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். எட்டாவது படிக்கும் என் மகள், மழை விட்ட மறுநாள் முருங்கை மரத்தடியில் கிடைத்த ராணிக் கட்டெறும்பைக் கண்ணாடிக் குழாயில் வைத்து வளர்க்கிறாள். குஞ்சுகள் வரும்வரை எதுவும் கொடுக்கவில்லை. இப்போது பத்துப் பன்னிரண்டு வேலைக்கார எறும்புகள் இருக்கின்றன. பிஸ்கெட் தூள், சோறு, சர்க்கரை எல்லாம் போட்டோம், பூசணம் பூத்துவிட்டது. அவித்த முட்டை வெள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னதான் கொடுப்பது?

பதில்: முதல் வேலையாக உள்ளே கிடப்பதையெல்லாம் எடுத்து வெளியே போடுங்கள். இவ்வளவு சின்னக் கூட்டம் பட்டினியில் சாவதை நான் அதிகம் பார்த்ததில்லை. மிச்சம் கிடந்து கெட்டுப்போகும் தீனிதான் அதற்கு எமன். நம் கடலோரப் புழுக்கத்தில் சோற்றுப் பருக்கைக்கு ஒரு ராத்திரி போதும்.

ராணியை ஆரம்பத்தில் பட்டினியாக விட்டது சரியான காரியம். சிறகு உதிர்ந்த பிறகு, பறப்பதற்கென்று இருந்த தசையையும் உடம்புக் கொழுப்பையும் கரைத்துத்தான் கட்டெறும்பு ராணி முதல் குஞ்சுகளை வளர்க்கும். அந்தக் கையிருப்பு இப்போது தீர்ந்திருக்கும். இனி வெளியிலிருந்து உணவு வேண்டும்.

வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது. வாய்க்குள் இருக்கும் சிறு பை, துகள்களை வடிகட்டி ஒதுக்கிவிடும். அந்த மெல்லிய இடுப்பைத் தாண்டி வயிற்றுக்குப் போவது திரவம் மட்டுமே. பிஸ்கெட்டும் சோறும் அப்படியே கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

ஓடியாடி வேலை செய்யும் எறும்புக்கு வேண்டியது இனிப்பு. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு காய்ச்சி ஆறிய தண்ணீர் சேர்த்துக் கரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேன் இருந்தால் அதையும் இதேபோல் நீர்க்க விட்டுக் கொடுக்கலாம். வெல்லம் வேண்டாம், வெளுப்பதற்காக அதில் ரசாயனம் சேர்ப்பது உண்டு. கரைசலைச் சொட்டாக விடாதீர்கள். முதல் ஈட்டு எறும்புகள் உருவத்தில் சிறியவை, ஒட்டிக்கொண்டு மூழ்கிவிடும். மிளகளவு பஞ்சில் நனைத்து, பால் கவரில் நகம் அளவு வெட்டிய துண்டின்மேல் வையுங்கள். மறுநாள் துண்டோடு எடுத்துவிடலாம். வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

குடித்துவிட்டுத் திரும்பும் எறும்பின் பின்வயிற்றை மகளை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு வளையங்கள் விலகி, இடையில் மெல்லிய தோல் விரிந்து தெரியும். அந்த வயிற்றில் இருப்பதில் பெரும்பகுதி அதற்குச் சொந்தமில்லை. கூட்டுக்குள் போய் இன்னொன்றின் எதிரே நிற்கும். இரண்டும் உணர்கொம்பால் தட்டிக்கொள்ளும். பிறகு வாயோடு வாய் வைத்து ஊட்டிவிடும். ராணிக்கும் இப்படித்தான் போய்ச் சேர்கிறது, அதற்கென்று தனியாக எதுவும் வைக்க வேண்டியதில்லை.

புரதம் வேண்டியது முட்டையிலிருந்து வரும் எறும்புப் புழுக்களுக்கும் முட்டையிடும் ராணிக்கும். ஆகவே நாள் கணக்கு வைத்துக்கொள்ளாமல் கூட்டைப் பார்த்துக் கொடுங்கள். வெள்ளையாக வளைந்து கிடக்கும் புழுக்கள் தெரிந்தால் மூன்று நாளைக்கு ஒரு பூச்சி. எல்லாம் பழுப்பு நிறக் கூட்டுப்புழுக்களாக மாறியிருந்தால் அவை தின்னாது, அப்போது புரதம் வைத்தாலும் சீந்தமாட்டா. முட்டை வெள்ளையைத் தொடாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இந்த இனத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு: குடல் சுவர்ச் செல்களுக்குள் பிளாக்மன்னியா என்ற பாக்டீரியா குடியிருந்து, தேவையான அமினோ அமிலங்கள் பலவற்றைச் செய்து கொடுக்கிறது. எனவே ஒரு வாரம் பூச்சி கிடைக்காவிட்டால் பதற வேண்டாம்.

பத்து எறும்புக்கு ஒரு கொசு, அல்லது கரப்பானின் ஒரு கால். அதற்கு மேல் வேண்டாம். கொசு பேட்டில் அடிபட்டது மிக நல்லது, அதில் மருந்து இல்லை. மழைக்கு விளக்கடியில் விழும் ஈசல் இன்னும் அருமை: கொழுப்பும் புரதமும் நிறைந்தது, மென்மையானது. சிறகைக் கிள்ளிவிட்டு, கொதிநீரில் ஒரு முறை முக்கியெடுத்து, ஃப்ரீசரில் சேர்த்து வைத்தால் பல வாரங்களுக்கு வரும். வெளியிலிருந்து வரும் எந்தப் பூச்சியையும் கொதிநீரில் முக்காமல் கொடுக்காதீர்கள், செள்ளு தொற்றிக்கொண்டு வரும். சாறு உறிஞ்சிய ஓட்டை மறுநாளே எடுத்துவிடுங்கள். துறைமுகத்துப் பக்கம் வாங்கும் கருவாடு வேண்டவே வேண்டாம், அவ்வளவு உப்பு ஆகாது.

எதற்கும் மேலாக நான் பயப்படுவது கொசுமருந்துக்குத்தான். சுருளும் ப்ளக்கில் செருகும் லிக்விடும் பூச்சிக்கான நஞ்சு, எறும்பும் பூச்சிதான். குழாய் இருக்கும் அறையில் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். கொசுவுக்குப் புகை அடிக்கும் மாநகராட்சி வண்டி வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள். எறும்புக் கோடு போடும் சாக்பீஸ் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழாயைத் தொடக் கூடாது. ஸ்ப்ரே அடித்துச் செத்த கரப்பானைத் தீனியாகப் போட்டால் மொத்தக் கூட்டமும் போய்விடும்.

இனிப்பு வாசனைக்குச் சமையலறைச் சிற்றெறும்புகள் படையெடுக்கும். குழாய் இருக்கும் டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள், பலகாரப் பாத்திரத்துக்குச் செய்வதுபோலத்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவதானால் முந்தின நாள் இனிப்புப் பஞ்சு வைத்து, கிளம்பும்போது எடுத்துவிடுங்கள். குழாயின் அடியில் பஞ்சுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கும்வரை நாலைந்து நாள் தாங்கும்.