பக்கத்து நாட்டோடு மின்சாரம் வாங்கி விற்பதில் நமக்கு என்ன லாபம்?

"இங்கேயே கரண்ட் போகுது, வெளிநாட்டுக்கு வேற விக்கணுமா?" என்ற கோபத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்டு வாயடைக்கப் பார்க்கும் கேள்வி இது. மின் உற்பத்தியையும் தேவையையும் நொடிக்கு நொடி சமன் செய்யும் மின்சுமை பகிர்வு மையத்தில் பல வருடம் ஷிப்ட் பார்த்தவன் என்பதால் சும்மா கடந்துபோக மனம் வரவில்லை.

ஒரு கோடை இரவு. மாலை முழுக்கத் தேவை உச்சத்தில் இருந்தது. நள்ளிரவுக்கு முன் பெருமழை பிடித்துக்கொள்ள, ஏசிகள் வரிசையாக நின்று லோடு மளமளவென்று சரிந்தது. மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைத் தாண்டி ஏறுகிறது, அதாவது தேவையைவிட உற்பத்தி அதிகமாகிவிட்டது. ஒவ்வொரு அனல் நிலையத்துக்கும் போன் போட்டு "குறைங்க, இன்னும் குறைங்க" என்று கெஞ்சுகிறோம். நிலக்கரியில் ஓடும் உற்பத்தி யூனிட்டை ஓரளவுக்குக் கீழே இறக்கினால் கொதிகலனில் சுடர் நிலைக்காது, எண்ணெய் கொடுத்துத்தான் எரிய வைக்க வேண்டும். நிறுத்தினாலோ, அடுத்த நாள் மாலைக்குள் மறுபடி கிளப்புவது பெரும்பாடு, பெருஞ்செலவு. எல்லைக்கு அப்பால் வாங்க ஆள் இருந்திருந்தால் அந்த யூனிட்டுகள் நிம்மதியாக ஓடியிருக்கும், காசும் வந்திருக்கும்.

பேட்டரியில் சேமிக்கலாமே என்பீர்கள். சில மணி நேரத்துக்குச் சேமிக்கலாம், மழைக்காலத்து ஆற்று நீரைக் குளிர்காலத்துக்குச் சேமிக்க முடியாது. நேபாளத்தைப் பாருங்கள், அங்கே மின்சாரம் பெரும்பாலும் ஆற்று நீரிலிருந்துதான். ஒரு காலத்தில் குளிர்காலத்தில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. நேபாளத்தையும் இந்தியாவையும் இணைக்கும் தல்கேபர்–முசாபர்பூர் லைன் வந்ததும் அதைத் தீர்க்க உதவியது. இன்று ஆறுகள் நிறைந்திருக்கும்போது இந்தியாவுக்கு விற்கிறார்கள், வற்றும்போது வாங்குகிறார்கள். 2024 நவம்பரில் இந்திய கிரிட் (மின் தொடரமைப்பு) வழியாக வங்கதேசத்துக்கே 40 மெகாவாட் போனது. பூட்டானின் 336 மெகாவாட் சுக்கா நீர்மின் நிலையம் இந்தியா 60 சதவீதம் மானியமும் 40 சதவீதம் கடனும் கொடுத்துக் கட்டியது. அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு இந்தியாவுக்கே வந்தது. பூட்டானுக்கு வருமானம், இந்தியாவுக்கு எரிபொருள் செலவில்லாத மின்சாரம். வருடத்தில் சில வாரம் மட்டும் ஓட ஒரு தனி நிலையம் கட்டும் செலவை இரண்டு பக்கமும் தவிர்க்கின்றன. என்னைக் கேட்டால் பெரிய லாபம் இதுதான்.

"விற்கும் நாட்டில் விலை ஏறாதா?" என்று வருவீர்கள் என்று தெரியும். ஏறலாம். 2021-இல் நார்வேயிலிருந்து பிரிட்டனுக்கு 1,400 மெகாவாட் கடலடிக் கேபிள் வந்தது. அந்தக் காலத்தில் தெற்கு நார்வேயில் விலை எகிறியபோது மக்கள் கேபிள்களின் மேல்தான் பாய்ந்தார்கள். எரிவாயு விலையும் அதற்குக் காரணம், ஆனால் அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். விற்று வரும் பணம் மின்கட்டணத்தைக் குறைக்கப் போகிறதா என்று அரசைப் பிடித்துக் கேளுங்கள். விற்பனையே கூடாது என்பது வேறு பேச்சு.

உங்கள் தெருவில் கரண்ட் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பழைய டிரான்ஸ்பார்மரும் கம்பியும்தான், ஏற்றுமதி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல நாட்டு லைன்களைச் சேர்த்து ஓட்ட ஆள் வேண்டும். நாங்கள் இருந்த அறையில் காலிப் பணியிடங்களை வருடக்கணக்கில் நிரப்பவில்லை, இரவு ஷிப்ட் முடித்தவனையே பகலுக்கும் உட்கார வைத்தார்கள். லைன் போடப் பணம் ஒதுக்குகிறவர்கள் அதை ஓட்டுகிற ஆட்களுக்கும் ஒதுக்கட்டும்.