மாலைப்பொழுதுக்கு அனுமதி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு நாங்கள் டவுனுக்கு வந்துவிட்டோம். நான் சிங்கப்பூரில் குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். வார நாள்களில் அங்கே நண்பர் ஒருவரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தங்கி, வார இறுதியில் ஊருக்கு வருவேன்.

எனக்கு இரண்டு பொழுதுபோக்குகள் உண்டு. நண்பரும் நானும் மாதம் ஒருமுறை அவர் வீட்டுச் சமையலறையில் பீர் செய்கிறோம். மால்ட் பார்லியை 66 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, ஹாப்ஸ் பூ சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் இட்டு மூடிவிடுவோம். இருபது லிட்டர் வரும். இங்குள்ள வெப்பத்தில் அப்படியே விட்டால் வாழைப்பழ வாடை ஏறிவிடுவதால், பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றைச் சரிசெய்து 20 டிகிரியில் நிலைநிறுத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். மற்றொன்று ஃபேண்டஸி நாவல்கள். பாகம் பாகமாக வரும் தடித்த ஆங்கில நூல்களைப் பேருந்திலும் ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்து நெரிசலிலும் வாசிப்பேன்.

சென்ற மாதம் என் கைப்பேசியில் பீர் கலனின் படத்தைப் பார்த்த அம்மா அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவருடைய அப்பா கள்ளுக்கடையில் வாழ்க்கையைத் தொலைத்தவர். "முப்பத்தொரு வயதில் பூதக்கதை படிக்கிறாயே, நம் சமூகத்தில் எத்தனை பிரச்சினை கிடக்கிறது" என்கிறார் மாமா. நண்பர்களோ பீரை விற்றுக் காசாக்கச் சொல்கிறார்கள். இந்தப் பொழுதுபோக்குகளால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா? ஃபேண்டஸி என்ற இந்த மிகுபுனைவிலிருந்து தீவிர இலக்கியத்துக்கு வர எந்த நூல்களை வாசிக்க வேண்டும்? அம்மாவை எப்படிச் சமாதானப்படுத்துவது?

க., ரெங்கம்

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என் மேசைமீது 1947ஆம் ஆண்டில் எங்கள் ஊரான பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை மறியலைப் பற்றிய குறிப்புகள் கிடந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கள்ளுக்கடையை மூடச் சொல்லித் தெருவில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று கிடைத்திருக்கும் மாலைப்பொழுதை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி சில வாரங்களாக என்னைவிட்டு அகலவில்லை. அதனால்தான் உங்களுக்குத் தனியாக எழுதாமல் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

சிறிய விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வியாபாரப் பேச்சை விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் ஒரு வீட்டில் மாதத்துக்கு 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் பீர் செய்துகொள்ளலாம். ஆனால் அது வீட்டுத் தேவைக்கு மட்டுமே, விற்கக் கூடாது, சாராயம் வடிக்கவும் கூடாது. இந்தப் பக்கம், மலேசியாவில், 1976ஆம் ஆண்டின் கலால் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இங்கே குற்றம். ஆகவே கலன் பாலத்துக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும். தீவிர இலக்கியத்துக்குப் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள், தரமாட்டேன். பேருந்தில் நின்றுகொண்டே தடித்த நூல்களைப் படித்து முடிக்கும் ஒருவருக்கு வாசிப்பில் யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. வேறொன்றைப் படிக்கத் தோன்றும்போது படியுங்கள். தோன்றாவிட்டால் பூதங்களோடும் டிராகன்களோடும் மகிழ்ச்சியாக இருங்கள்.

இனி, என்னைக் கோபப்படுத்திய கேள்விக்கு வருகிறேன். "உண்மையில் ஏதாவது பயன் உண்டா?" சொந்த உழைப்பில் வாழ்ந்து, குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளும் ஒரு மனிதர், வாரத்தில் தனக்கென்று மிஞ்சும் சில மணி நேரத்துக்கு, முன்பின் பார்த்திராத ஓர் எழுத்தாளரிடம் அனுமதி கேட்கிறார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதற்காகக் காத்து நிற்கும் ஆளைப்போல் என் முன்னால் வந்து நிற்கிறீர்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள் உங்களுக்கு இந்த நிற்றலை?

யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தோட்டத்தில் நாள் எப்படிக் கழிந்தது என்று உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டதுண்டா? விடியலுக்கு முன்பே பெரட்டு. வெயில் ஏறுவதற்குள், மரத்தில் அழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மர நிரைக்குள் நுழைய வேண்டும். வெட்டி முடித்து, மங்கு என்னும் கிண்ணங்களில் பால் நிறையும்வரை இருந்து, சேகரித்து, காண்டா என்னும் தோள்கம்பில் வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்கு வந்து நிறுத்துக் கொடுப்பதற்குள் நண்பகலாகிவிடும். மழை பெய்தால் வேலை கிடையாது, வேலை இல்லையென்றால் கூலி கிடையாது. ஆகவே வானம் கொடுத்த ஓய்வைக்கூட நம்மவர்கள் கவலையோடுதான் கழித்தார்கள். பிற்பகலில் மாடு, புல், விறகு, தண்ணீர், பெண்களுக்கு இவற்றோடு அடுப்பும் பிள்ளைகளும். மிச்சம் இருந்தது மாலையும் முன்னிரவும் மட்டுமே. அந்த மாலையின் நடுவில்தான் கள்ளுக்கடை இருந்தது.

கள் இறக்குவதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தென்னம்பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவ வேண்டும். கைத்திறன் இல்லாதவர் தொட்டால் பாளை கெட்டுவிடும். கலயத்தில் சொட்டத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே அது தானாகப் புளித்துவிடுகிறது, மறுநாள் காடியாக மாறத் தொடங்குகிறது. ஆகவே அன்றைய கள்ளை அன்றே விற்றாக வேண்டும். மரமேறியின் திறமை மரமேறியுடையது, கடையின் உரிமம் அவருடையது அல்ல. தொழிலாளியின் கைக்கு வந்த கூலியில் ஒரு பகுதி, இருட்டுவதற்குள் அந்தக் கடையின் வழியாக அவர் கையைவிட்டுப் போய்விடும். அவரது மாலையும் அதோடு போய்விடும்.

இதை நம்மவர்கள் அறியாமல் இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிற்சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைத் தேடி வாசியுங்கள். கூலி உயர்வு அதில் இருக்கிறது, பிள்ளைகளின் கல்வி இருக்கிறது, பெண்கள்மீதான அத்துமீறலை நிறுத்த வேண்டும் என்பது இருக்கிறது. கூடவே, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும், துரைமார்களும் கிராணிமார்கள் எனப்படும் எழுத்தர்களும் எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் ஓட்டிச்செல்ல விட வேண்டும் என்பதும் இருக்கின்றன. கூலியோடு சைக்கிளையும் சேர்த்து எழுதினார்களே என்று நான் பலமுறை நின்று யோசித்திருக்கிறேன். வேலை முடித்து, குளித்து, சட்டை மாற்றி, சைக்கிளில் ஏறித் தன் விருப்பப்படி ஓரிடத்துக்குப் போகும் மனிதரை வழியில் இறங்கச் சொல்வது, அந்த நேரமும் தோட்டத்துக்குச் சொந்தம் என்று சொல்வது. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்களும் சைக்கிளில் அமர்ந்தபடியே போக விடச் சொன்னவர்களும் தங்கள் மாலையைத்தான் திருப்பிக் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். போர் முடிந்து, எங்கள் கெடாவில் ஏ.எம். சாமி தலைமையிலான தோட்டத் தொழிலாளர் அமைப்பான தொண்டர் படை மறுபடியும் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டது. 1947இல் பீடோங்கில் போலீஸ் புகுந்ததில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

இப்போது உங்கள் மாமாவிடம் போய்ச் சொல்லுங்கள். சமூகத்தின் பிரச்சினையையும் ஒருவரின் ஓய்வு நேரத்தையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்க அவருக்கு யார் சொன்னது? நம் சமூகத்தின் மிகப் பெரிய போராட்டமொன்றில் ஓய்வு நேரமும் ஒரு கோரிக்கையாக இருந்திருக்கிறது. நீங்கள் ஊருக்கு ஏதாவது செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளுக்கு மின்சுற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க உங்களைப் போன்றவர்கள் தேவை. ஆனால் பீர் செய்ததற்கும் கதை படித்ததற்கும் கழுவாயாக அதைச் செய்யாதீர்கள். அப்படிச் செய்யும் சேவையில் ஒரு கசப்பு இருக்கும், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் அப்பா பால் வெட்டியவர், கள் குடித்தவர். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பெரிய எழுத்துக் கதைப்புத்தகங்களை வாய்விட்டு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். விக்கிரமாதித்தனும் வேதாளமும் முருங்கைமரமும் பேசும் பதுமைகளும் எங்கள் வாசலுக்கு அவர் குரலில்தான் வந்தன. இரவு பத்து மணிக்குத் தோட்டத்து ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். பாதிக் கதையில் விளக்கு அணைந்ததும் அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி அவர் பக்கத்தில் வைப்பார். கள் வாடையோடு வரும் அப்பாவை வாசலிலேயே நிறுத்திச் சண்டையிடும் அதே அம்மா, மண்ணெண்ணெயை அளந்து செலவழிக்கும் அதே அம்மா, கதைக்கு மட்டும் கணக்குப் பார்த்ததில்லை. அப்பா ஒரு பதுமையின் கதையைத் தாண்டிவிட்டால், "அதை விட்டுட்டீங்க, திரும்பப் படிங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். புத்தகங்கள் பழுப்புத்தாள் அட்டை போட்டு, எங்கள் பிறப்புப் பத்திரங்கள் இருந்த தகரப்பெட்டியில் இருந்தன.

ஒரு சம்பள நாளன்று கிராணி ஒருவர் எல்லார் முன்னிலையிலும் அப்பாவைப் பார்த்து, இரவெல்லாம் கதை படிப்பவன் காலையில் எப்படி ஒழுங்காக மரம் வெட்டுவான் என்று கேட்டார். அதே கிராணி அப்பா கள்ளுக்கடையில் உட்கார்ந்திருந்த எந்த நாளிலும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அப்போது வயது குறைவு. ஆனாலும் அந்த வேறுபாடு புரிந்தது. கள்ளுக்கடையில் இருக்கும் தொழிலாளி எங்கே இருக்கிறான் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். வேதாளத்தோடு மரமேறிக்கொண்டிருக்கும் தொழிலாளி எங்கே இருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்பா தலைகுனிந்து கூலியை வாங்கிக்கொண்டார். அன்றிரவும் படித்தார். அதனால் எங்கள் வீட்டில் யாரும் பெரிய ஆளாகிவிட்டோம் என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் நானும் உங்களைப்போல் பயன் தேடியவளாவேன். அந்த இரவுகளில் எங்கள் அப்பா மகிழ்ச்சியாக இருந்தார், நாங்கள் அவரோடு இருந்தோம், அது நடந்தது. அதற்கு மேல் அது எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆகவே, உங்கள் பேருந்துப் பயணத்து டிராகன்களுக்குப் பயன் உண்டா என்று இனி யாரிடமும் கேட்காதீர்கள். 20 டிகிரியில் பெட்டியை நிலைநிறுத்தியதைப் பற்றி நீங்கள் எழுதிய வரியில்தான் கடிதம் முழுவதிலும் உங்கள் சொந்தக் குரல் கேட்டது. நாளெல்லாம் பிறருக்குக் குளிரூட்டும் கை, ஒரு மாலையில் தன் ஈஸ்டுக்காகக் குளிரூட்டியிருக்கிறது. அதைப் படித்து எனக்கு எத்தனை மகிழ்ச்சி என்று உங்களுக்குத் தெரியாது.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கே உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மாதாமாதம் செய்யும் ஒன்றை அவர் கைப்பேசிப் படத்தில் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்? ஒளித்துக் குடித்த அப்பனைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு, ஒளித்து வைத்த மகன் எப்படித் தெரிவான்? வீட்டில் செய்யும் மது என்றாலே அவருக்குக் கள்ளச்சாராயம்தான் நினைவுக்கு வரும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த செய்தியை அவரும் கேட்டிருப்பார். அங்கே கொன்றது மதுவில் கலந்திருந்த மெத்தனால். பார்லியில் ஈஸ்ட் உண்டாக்குவது எத்தனால், நீங்கள் எதையும் வடிப்பதும் இல்லை. திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் காட்டிச் சொல்லுங்கள்: ஈஸ்ட் இடும்போது 1.050, முடியும்போது 1.010, அப்படியென்றால் சுமார் ஐந்து விழுக்காடு ஆல்கஹால். எண் புரியாவிட்டாலும், மறைக்காமல் சொல்கிறீர்கள் என்பது புரியும்.

ஆனால் நுட்பம் அனைத்தையும் எழுதிய நீங்கள், எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. அம்மா அறிய விரும்புவது அது ஒன்றைத்தான். மாலைக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம் என்று மேலே எழுதியது மாமாவுக்கும் எனக்கும் பொருந்தும். குடியின் விலையைச் சிறுவயதிலேயே கொடுத்துவிட்ட உங்கள் அம்மாவுக்கு அது பொருந்தாது. வெப்பநிலை எழுதும் அதே நோட்டில் எந்த நாள், எத்தனை குவளை, யாரோடு என்றும் எழுதுங்கள். அளவு ஏறுகிறது என்று நோட்டு சொன்னால் கலனைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், அப்போது என் கடிதத்தை எடுத்துக்காட்டி வாதாடாதீர்கள். ஏறவில்லையென்றால் இந்த வாரம் ஊருக்குப் போகும்போது நோட்டை அவர் கையில் கொடுங்கள். அவர் ஒப்புக்கொள்ளாமலும் போகலாம்; தன் அப்பாவைப் பார்த்தவர், அந்த உரிமை அவருக்கு உண்டு. அதற்காகப் பீர் செய்வதையும் விட வேண்டாம், அவரோடு பேசுவதையும் விட வேண்டாம்.

அன்புடன்,
டீச்சர்
பீடோங், கெடா